கோடைக்கால விளைபொருள்களை உழவரிடமே வாங்கும்போது எதைக் கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும்?

இளவேனில் எழுதியது:

கோடை தொடங்கியதிலிருந்து வீட்டுக்கு வேண்டிய காய்கனிகளைப் பெரும்பாலும் உழவர்கள் தாங்களே கொண்டுவந்து விற்கும் சந்தையில்தான் வாங்கி வருகிறோம். இடையில் எவருக்கும் கமிஷன் போகாமல் விளைவித்தவர் கைக்கே பணம் சேர்கிறது என்பது ஒரு காரணம். அன்று பறித்ததை அன்றே சமைக்கலாம் என்பது இன்னொரு காரணம். முதல் காரணத்தில் எனக்கு ஐயமில்லை. இரண்டாவதில்தான் குழப்பம் ஏற்பட்டிருக்கிறது.

ஒரு வாரம் வாங்கிய தக்காளி மணமும் புளிப்புமாக அருமையாக இருக்கிறது. அடுத்த வாரம் அதே கடையில், அதே நிறத்தில் பார்த்து வாங்கியது வெறும் தண்ணீராக இருக்கிறது. முலாம்பழத்தை ஓரிரு நாள் வைத்திருந்து அறுத்தால் சதை மென்மையாகியிருக்கிறதே தவிர, இனிப்பு ஏறியதாகத் தெரியவில்லை. வெள்ளரிக்காயைக் குளிர்சாதனப் பெட்டியில் கவனமாக வைத்தும் சில நாள்களிலேயே தோல் குழி விழுந்து, ஈரம் கசிந்து, வழவழத்துப் போகிறது. இவை என் தேர்வில் உள்ள குறையா, வைத்துக்கொள்ளும் முறையில் உள்ள குறையா, அல்லது கோடை விளைச்சலே இப்படித்தானா? பயிரிடுபவர்களும் இத்துறையை அறிந்தவர்களும் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

ஏர்முனை எழுதியது:

நான் காய்கறி பயிரிட்டு இத்தகைய சந்தையில் விற்பவன் என்பதால், கடைக்கு அந்தப் பக்கம் இருந்து பேசுகிறேன். வாடிக்கையாளர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, "இது புதுசா?" என்பது. அந்தக் கேள்விக்கு "இல்லை" என்று பதில் சொல்லும் வியாபாரி எவரும் இல்லை. "எப்போது பறித்தீர்கள், காலையிலா, நேற்று மாலையிலா?" என்று கேட்டுப் பாருங்கள். தானே பறித்தவர் தயங்காமல் சொல்வார். சொல்லும்போதே எந்தப் பாத்தி, எந்த ரகம், அடுத்த பறிப்பு எப்போது என்பதும் சேர்ந்து வரும்.

பறித்த நேரத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், செடியிலிருந்து பிரிந்த பிறகும் காய் சுவாசித்துக்கொண்டேதான் இருக்கிறது. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயரும்போதெல்லாம் அந்தச் சுவாச வேகம் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்காகிறது. விடியற்காலையில் இலையும் காயும் இரவு முழுவதும் உறிஞ்சிய நீரோடு, குளிர்ந்த நிலையில் இருக்கின்றன. உச்சி வெயிலில் பறித்தால் வயலின் சூடு முழுவதும் காய்க்குள்ளேயே தங்கிவிடுகிறது. அதை அப்படியே சாக்கில் கட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், சுவாசத்தால் வரும் சூடும் அதனோடு சேர்ந்து நடுவில் உள்ளவை வெந்ததுபோல் ஆகிவிடும். கீரைக் கட்டின் நடுவில் விரலை நுழைத்துப் பாருங்கள். வெளியே இருப்பதைவிட உள்ளே வெதுவெதுப்பாக இருந்தால் அந்தக் கட்டு மறுநாளைத் தாண்டாது.

சொல்லை நம்ப வேண்டிய அவசியம்கூட இல்லை, வெட்டுவாயே சொல்லிவிடும். கீரைத் தண்டின் அடிப்பகுதி வெளிர்நிறமாகவும் ஈரமாகவும் இருந்தால் அது அன்றைய பறிப்பு. பழுப்பேறிக் காய்ந்திருந்தால் குறைந்தது முந்தைய நாளுடையது. வெண்டையின் நுனியும் பீன்ஸும் ஒடித்தால் ஓசையுடன் ஒடிய வேண்டும். கத்தரிக்காயின் தோல் பளபளப்பு ஒருபுறம் இருக்கட்டும், காம்போடு ஒட்டியுள்ள பச்சைத் தொப்பியைப் பாருங்கள். அது சுருங்கிக் காயிலிருந்து விலகத் தொடங்கியிருந்தால் பறித்து நாளாகிவிட்டது. தண்ணீர் தெளிப்பதை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். வெயிலில் விற்பவர்கள் அனைவரும் தெளிக்கத்தான் செய்கிறோம்.

துலாக்கோல் எழுதியது:

ஏர்முனை அவர்கள் கூறியதை மறுக்கவில்லை. ஆனால் அவர் கூறியதே உழவர் சந்தைக்கு எதிரான வாதமாகவும் ஆகிறது என்பதைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். "அருகில் விளைந்தது" என்பது தூரத்தைப் பற்றிய செய்தி. பொருள் எவ்வளவு காலம் எந்த வெப்பநிலையில் இருந்தது என்பதைப் பொறுத்ததே அதன் புத்துணர்வு. பறித்த சில மணி நேரத்துக்குள் பூஜ்ஜிய டிகிரிக்கு அருகில் குளிர்விக்கப்பட்டு, குளிர் வாகனத்திலேயே நெடுந்தொலைவு வந்த ஸ்ட்ராபெரி, பக்கத்து ஊரில் பறித்து முற்பகல் முழுவதும் வெயிலில் விரித்து வைத்த ஸ்ட்ராபெரியைவிட நல்ல நிலையில் இருக்க முடியும். கீரை வகைகளுக்கும் இதே கணக்குதான்.

எனவே சந்தையில் வாங்குவதை ஒரு கொள்கையாக வைத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் சந்தை என்ற பெயரே தரத்துக்குச் சான்று என்று கொள்வதை ஏற்க இயலாது. எந்தப் பொருளை அங்கே வாங்கினால் உண்மையிலேயே வேறுபாடு இருக்கிறது, எதை எங்கே வாங்கினாலும் ஒன்றுதான் என்று பிரித்துச் சொல்ல எவரேனும் முன்வருவார்களா?

நுண்ணோக்கி எழுதியது:

அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்பம் என் துறை. துலாக்கோல் அவர்கள் கேட்ட பிரிவினைக்கு விடை இருக்கிறது, ஆனால் அது பலர் நினைப்பதைவிடச் சற்றுச் சிக்கலானது.

பழங்களைப் பறித்த பின் பழுப்பவை, பறித்த பின் பழுக்காதவை என இரண்டாகப் பிரிப்பது வழக்கம். பழுக்கும் தறுவாயில் சில பழங்களின் சுவாசம் திடீரென்று உயர்ந்து பின் தணிவதை இங்கிலாந்தில் கிட், வெஸ்ட் என்னும் இரு ஆய்வாளர்கள் 1920களில் ஆப்பிளில் கண்டறிந்தார்கள். அந்த மாற்றத்தைத் தூண்டும் எத்திலீன் வாயுவைப் பழமே உண்டாக்குகிறது என்பதை ரிச்சர்ட் கேன் 1934ஆம் ஆண்டு நிறுவினார். தக்காளி, மா, வாழை, பப்பாளி, பீச், பிளம், அத்தி, முலாம்பழம் ஆகியவை இந்த முதல் வகை. திராட்சை, செர்ரி, ஸ்ட்ராபெரி, தர்பூசணி, அன்னாசி, ஆரஞ்சு இனங்கள் ஆகியவை இரண்டாம் வகை. இரண்டாம் வகையில் எதையும் "வீட்டில் வைத்தால் இனித்துவிடும்" என்று நம்பி வாங்கக் கூடாது. ஸ்ட்ராபெரி ஏமாற்றும்: பறித்த பிறகும் அதன் சிவப்பு கூடும், இனிப்பு கூடாது.

இளவேனில் அவர்களின் முலாம்பழக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. அது முதல் வகை என்பதால் வைத்திருந்தால் இனிக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் மென்மையாவதும் மணம் பெறுவதும் ஒரு வேலை. இனிப்பு ஏறுவது முற்றிலும் வேறு வேலை. வாழையும் மாவும் பறிக்கும்போதே தம்முள் மாவுச்சத்தைச் சேர்த்து வைத்திருக்கின்றன. அது உடைந்து சர்க்கரையாவதால்தான் வீட்டில் வைத்தாலும் இனிக்கின்றன. மாவுச்சத்தை வங்கியில் போட்டு வைத்த பணம் என்று கொண்டால், முலாம்பழத்துக்குக் கணக்கே கிடையாது. கொடியிலிருந்து அன்றன்று வந்ததே அதன் கைப்பணம். ஆகவே கொடியை விட்டுப் பிரிந்த நாளில் எவ்வளவு சர்க்கரை இருந்ததோ அதுவே அதன் உச்சம். பீச்சிலும் ஏறத்தாழ இதே நிலைதான். வைத்திருந்தால் புளிப்பு தணிவதால் இனிப்புக் கூடியதுபோல் நாவுக்குத் தோன்றுகிறது.

இதிலிருந்து துலாக்கோல் அவர்களின் கேள்விக்கு வருவோம். நெடுந்தொலைவு அனுப்பும் பழத்தைப் போக்குவரத்தைத் தாங்கும்படி உறுதியாக இருக்கும்போதே பறித்தாக வேண்டும். மாவுச்சத்துச் சேமிப்புள்ள, முற்றிய மாங்காயை அப்படிப் பறித்தால் இழப்பு சிறிது. முலாம்பழம், பீச், அத்தி போன்றவற்றை அப்படிப் பறித்தால் இழந்ததை மீட்க வழியே இல்லை. அருகில் விளைவித்தவரிடம் வாங்குவதன் முழுப் பயனும் இவற்றில்தான் கிடைக்கிறது, ஏனெனில் அவரால் மட்டுமே பழம் தானாகக் காம்பை விடும்வரை காத்திருக்க முடியும்.

இனிப்புச் சோளம் தனி இனம். அதில் எல்லாம் தலைகீழாக நடக்கிறது: பறித்தவுடன் சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்குகிறது. வழக்கமான இனிப்புச் சோளம் 30 டிகிரி வெப்பத்தில் ஒரே நாளில் தன் சர்க்கரையில் 60 விழுக்காடு வரை இழக்கக்கூடும். பூஜ்ஜிய டிகிரியில் அதே ஒரு நாளில் இழப்பு 6 விழுக்காடு அளவில் நிற்கும். இலினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லாக்னன் 1950களில் அறிமுகப்படுத்திய சுருங்கிய மணியுள்ள வகையின் வழிவந்த மிகை இனிப்பு ரகங்களில் இந்த மாற்றம் மிக மெதுவாக நடப்பதால் அவை சில நாள் தாங்கும். எனவே சோளத்தில் மட்டும் பறித்த நேரத்தோடு ரகத்தையும் கேட்டாக வேண்டும். பழைய ரகம் என்றால் வாங்கிய அன்றே வேகவைத்துவிடுங்கள்.

இளவேனில் எழுதியது:

நுண்ணோக்கி அவர்களுக்கு மிக்க நன்றி. முலாம்பழம் ஏன் ஏமாற்றியது என்பது இப்போது விளங்குகிறது. அப்படியானால் அதை வாங்கும்போதே சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். தர்பூசணிக்கும் அதுவேதான் என்று தெரிகிறது. அறுத்துக் காட்டாத பழத்தை எப்படிக் கணிப்பது? தட்டிப் பார்ப்பவர்கள் எல்லோரும் என்ன கேட்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. அத்துடன், தக்காளியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா என்ற பழைய வழக்குக்கும் தீர்ப்பு வேண்டும்.

ஏர்முனை எழுதியது:

தட்டிப் பார்ப்பதை நானும் செய்வேன், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்க மாட்டேன். மந்தமாக, ஆழமாக ஒலித்தால் முற்றியது என்பார்கள். உள்ளே வெடிப்பு விழுந்த பழமும் ஏறத்தாழ அப்படியே ஒலிக்கும்.

தர்பூசணியை முதலில் கவிழ்த்துப் பாருங்கள். மண்ணில் பட்டுக் கிடந்த இடத்தில் ஒரு திட்டு இருக்கும். அது வெள்ளையாகவோ இளம்பச்சையாகவோ இருந்தால் அவசரப்பட்டுப் பறித்தது; வெண்ணெய் நிறத்திலிருந்து மஞ்சளாக மாறியிருந்தால் கொடியில் போதிய நாள் கிடந்தது. வயலில் நாங்கள் பார்ப்பது வேறொன்று: காய்க்கு அருகே, அதே கணுவில் உள்ள பற்றுக்கம்பி, அதாவது கொடி பற்றிப் படர உதவும் சுருள், காய்ந்து பழுப்பாகிவிட்டால் பறிப்போம், பச்சையாக இருந்தால் தொட மாட்டோம். சிலர் காம்போடும் அந்தக் கம்பியோடும் சேர்த்தே வெட்டிக் கொண்டுவருவார்கள். அப்படி இருந்தால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். தோலின் பளபளப்பு மங்கியிருப்பது நல்ல அறிகுறியே. ஒரே அளவுள்ள இரண்டில் கனமானதை எடுங்கள்.

முலாம்பழத்தில் காம்பு இருந்த இடம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். வலைபோன்ற தோலுள்ள வகைகள் முற்றியதும் காம்பைச் சுற்றி ஒரு வெடிப்பு விட்டு, இலேசாகத் தள்ளினாலே கொடியிலிருந்து கழன்றுவிடும். அந்த இடம் வழவழப்பான சிறு குழியாக இருந்தால் பழம் தானாக விடுபட்டது என்று பொருள். காம்பின் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தாலோ, கத்தியால் வெட்டிய தடம் இருந்தாலோ, தோல் பிய்ந்திருந்தாலோ வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். வலைக்கு அடியில் தெரியும் தோல் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறியிருக்க வேண்டும். காம்புக்கு எதிர்ப்புறத்தை முகர்ந்தால் மணக்க வேண்டும். வழவழப்பான வெள்ளைத் தோலுள்ள வகைகளில் பல இவ்வாறு கழலுவதில்லை. அவற்றை வெட்டித்தான் எடுக்கிறோம் என்பதால் அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

மழை பெய்த மறுநாள் பறித்த தர்பூசணியிலும் தக்காளியிலும் இனிப்புச் சற்று மட்டாகவே இருக்கும். அதிகமாகப் பாய்ச்சிய வயலிலும் அப்படித்தான். எடைக்கு விற்பவனுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது லாபம் என்பதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கடைசி நாள்களில் பாய்ச்சலைக் குறைப்பவர் எடையில் இழந்து சுவையில் பெறுகிறார். அவருடைய பழம் சிறிதாக இருக்கும். சந்தையில் பெரியதைத் தேடிப் பொறுக்குபவர்கள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

நுண்ணோக்கி எழுதியது:

ரிஃப்ராக்டோமீட்டர் என்னும் கையடக்கக் கருவியில் ஒரு துளி சாற்றை விட்டால் பிரிக்ஸ் அளவு தெரிந்துவிடும். நூறு கிராம் சாற்றில் ஏறத்தாழ எத்தனை கிராம் சர்க்கரை என்பதை அது காட்டுகிறது. தர்பூசணியில் 10க்குக் குறையாமல் இருந்தால் நல்ல இனிப்பு. சில விற்பனையாளர்கள் ஒரு பழத்தை அறுத்து, சோதித்து, எண்ணை எழுதி வைக்கிறார்கள் என்பதைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் பழத்தின் நடுப்பகுதியில் எடுத்த துளிக்கும் தோலோரத்தில் எடுத்த துளிக்கும் கணிசமான வேறுபாடு உண்டு, எங்கே எடுத்தார்கள் என்று கேளுங்கள்.

தக்காளி வழக்குக்கு வருகிறேன். தக்காளியின் சுவை சர்க்கரை, அமிலம், மணம் மூன்றும் சேர்ந்தது. குளிர் தாக்குவது மூன்றாவதை. ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பழுத்த தக்காளியை 5 டிகிரியில் ஒரு வாரம் வைத்தபோது மணப்பொருள்களை உண்டாக்கும் மரபணுக்கள் பலவற்றின் செயல்பாடு குன்றியதையும், வெளியே எடுத்து வைத்த பிறகும் மணம் முழுமையாகத் திரும்பாததையும் காட்டினார்கள். சர்க்கரையும் அமிலமும் பெரிதாக மாறவில்லை. அதாவது நாவுக்குத் தெரிவது இருக்கும், மூக்குக்குத் தெரிவது போய்விடும். ஆகவே முழுதும் பழுக்காத தக்காளியைக் குளிரில் வைக்கவே கூடாது. நன்கு பழுத்து, இன்று வைத்தால் நாளை கெட்டுவிடும் என்ற நிலையில் இருப்பதை ஓரிரு நாள் வைப்பதில் தவறில்லை. கெட்டுப்போன தக்காளியைவிட மணம் குறைந்த தக்காளி மேல்.

ஒரே கடையில் வாரத்துக்கு வாரம் சுவை மாறுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. கடும் வெயிலில், 30 டிகிரிக்கு மேல், தக்காளியின் சிவப்பு நிறமியான லைகோபீன் சரிவர உருவாவதில்லை. அதனால் உச்சக் கோடையில் செடியிலேயே விட்ட பழம் ஆரஞ்சும் மஞ்சளுமாக நின்றுவிடுகிறது. நிறம் மாறத் தொடங்கியதும் பறித்து நிழலில் பழுக்க வைத்தது அதைவிட அழகாகச் சிவக்கிறது. நிறத்தை வைத்துச் சுவையைக் கணிப்பது அந்த வாரங்களில் பயனற்றது.

சீரான சிவப்பை விரும்பியதற்கு நாம் கொடுத்த விலையும் இருக்கிறது. பழைய ரகங்களில் காய்ப் பருவத்தில் காம்பைச் சுற்றிக் கரும்பச்சைத் தோள் இருக்கும். முழுக்காயும் ஒரே வெளிர்பச்சையாக இருந்து ஒன்றுபோல் சிவக்கும்படி, எந்தப் பருவத்தில் பறிக்கலாம் என்று எளிதில் தெரிவதற்காக, வணிக ரகங்கள் பல பத்தாண்டுகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. அந்தக் கரும்பச்சைக்குக் காரணமான மரபணு காயிலேயே ஒளிச்சேர்க்கையைக் கூட்டிச் சர்க்கரை சேர உதவுகிறது என்பதும், வணிக ரகங்களில் அது செயலிழந்திருக்கிறது என்பதும் 2012ஆம் ஆண்டுதான் கண்டறியப்பட்டது. உழவர் கடையில் தோள்பகுதி சற்றுப் பச்சையாகவோ மஞ்சளாகவோ, வடிவம் கோணலாகவோ உள்ள தக்காளியைக் கண்டால் அதை ஒதுக்குவதற்கு முன் ஒன்றை வாங்கிச் சுவைத்துப் பாருங்கள்.

அடுக்களை எழுதியது:

தேர்ந்தெடுப்பதைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு எவ்வளவு வாங்குவது என்பதைத் தொடாமல் விட்டுவிட்டோம். சந்தையில் எல்லாம் குவியலாகவும் அழகாகவும் இருக்கும்போது ஒரு வாரத்துக்கு வேண்டியதைப்போல் இரு மடங்கு பையில் ஏறிவிடுகிறது. வீணாவதில் பெரும்பகுதி அங்கேயே தொடங்குகிறது. நான் பின்பற்றுவது, வாங்கும்போதே சமைக்கும் நாளையும் ஒதுக்கிவிடுவது. கீரை, பழைய ரகச் சோளம், நன்கு பழுத்த அத்தி அல்லது பெரி வகைகள் அன்றும் மறுநாளும் தீர வேண்டும். வெண்டை, பீன்ஸ், வெள்ளரி, கத்தரி வாரத்தின் நடுவில். அரைப்பழமான தக்காளியும் முழுத் தர்பூசணியும் பூசணியும் வாரக் கடைசிவரை காத்திருக்கும். தக்காளியில் மூன்று பருவத்திலும் கலந்து வாங்கினால் நாளுக்குச் சில என்று பழுத்து வரும்.

இளவேனில், உங்கள் வெள்ளரிக்குக் குழி விழுந்தது குளிரால். வெப்ப நிலத்துக் காய்களான வெள்ளரிக்கும் கத்தரிக்கும் 10 டிகிரிக்குக் கீழே சில நாள் இருந்தாலே குளிர்க்காயம் ஏற்படும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியோ ஏறத்தாழ 4 டிகிரியில் இயங்குகிறது. குழி, நீர்கோத்த திட்டு, கத்தரியென்றால் விதையைச் சுற்றிக் கருமை, இவையெல்லாம் அதன் அடையாளங்கள். துணிப்பையிலோ காகிதத்திலோ சுற்றி, பெட்டியின் கதவுப் பக்கமோ மேல்தட்டின் முன்புறமோ, எங்கே குளிர் குறைவோ அங்கே வைத்து மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். வீட்டில் குளிர்ந்த நிழலான மூலை இருந்தால் ஓரிரு நாளுக்கு அதுவே போதும். வெள்ளரியைத் தக்காளி, முலாம்பழம், வாழை ஆகியவற்றின் அருகில் வைக்காதீர்கள். அவை விடும் எத்திலீன் வெள்ளரியை மஞ்சளாக்கிவிடும்.

விலை மலிந்திருக்கும் வாரத்தில் கூடுதலாக வாங்கி உறையவைப்பது நல்ல வழி. பீன்ஸையும் சோளத்தையும் கொதிநீரில் சில நிமிடம் போட்டெடுத்து, உடனே பனிக்கட்டி போட்ட நீரில் குளிர்வித்து, ஈரம் துடைத்து உறையவைக்க வேண்டும். கொதிநீரில் போடாமல் விட்டால் உறைநிலையிலும் நொதிகள் வேலை செய்து நிறத்தையும் சுவையையும் கெடுத்துவிடும். தக்காளிக்கு அந்தத் தொல்லையே இல்லை. கழுவித் துடைத்து முழுதாகவே உறையவைக்கலாம். எடுத்துத் தண்ணீரில் காட்டினால் தோல் தானாகவே கையோடு வந்துவிடும்.

துலாக்கோல் எழுதியது:

எந்தப் பொருளில் வேறுபாடு உண்டு என்ற என் கேள்விக்கு நிறைவான விடை கிடைத்தது. மற்றொரு சிக்கலை எழுப்புகிறேன். உழவர் சந்தையில் உட்கார்ந்திருப்பவர் அனைவரும் உழவர்களா? மொத்த மண்டியில் விடியற்காலையில் ஏலத்தில் எடுத்து, பெட்டியை மாற்றி, மண் ஒட்டிய கூடையில் கொட்டி விற்பது எல்லா நாடுகளிலும் நடக்கிறது. இதைத் தடுக்கவே சில இடங்களில் விளைவிப்பவர் மட்டுமே விற்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 1977ஆம் ஆண்டு தொடங்கிய சான்றளிக்கப்பட்ட சந்தைகளில், அந்தப் பண்ணையில் என்னென்ன விளைகிறது என்ற பட்டியலோடு கூடிய சான்றிதழைக் கடையில் எல்லோரும் பார்க்கும்படி மாட்டி வைக்க வேண்டும். அத்தகைய கண்காணிப்பு இல்லாத சந்தையில் வாங்குபவரே கண்காணிப்பாளர்.

சில அடையாளங்களை நான் நம்புகிறேன். அந்தப் பகுதியில் அந்தப் பருவத்தில் விளையாத பொருள் கடையில் இருந்தால் அது வெளியிலிருந்து வந்தது; இதில் விவாதத்துக்கே இடமில்லை. எல்லாக் காயும் ஒரே அளவில், ஒரே நிறத்தில், தரம் பிரித்து அடுக்கியிருந்தால் ஐயப்படலாம், ஏனெனில் ஒரு வயலின் ஒரு நாள் பறிப்பு அப்படி இருப்பதில்லை. ஒரே கடையில் எல்லா வகைக் காயும் பழமும் ஆண்டு முழுவதும் கிடைத்தால் ஐயப்பட வேண்டும். மாறாக, "இந்த வாரம் பீன்ஸ் இல்லை, வெயிலில் பூ உதிர்ந்துவிட்டது" என்று சொல்லும் கடை என் நம்பிக்கைக்குரியது.

ஏர்முனை எழுதியது:

பொதுவாக ஒத்துக்கொள்கிறேன், ஒரு சிறு திருத்தத்தோடு. பக்கத்து நிலத்துக்காரரின் விளைச்சலையும் சேர்த்துக் கொண்டுவந்து விற்பவர் உண்டு. வயதான ஒருவர் சந்தைக்கு வர முடியாமல் அண்டை வீட்டாரிடம் கொடுத்தனுப்புவார். விதி அதை அனுமதிக்காத இடத்தில் அது தவறுதான், ஆனால் மண்டியில் எடுத்து மாற்றி விற்பதும் இதுவும் ஒன்றல்ல. "இதில் உங்களுடையது எது?" என்று இயல்பாகக் கேளுங்கள். நேர்மையான ஆள் கைகாட்டிச் சொல்லிவிடுவார். அளவு பிரித்து அடுக்குவதை நானும் செய்வதுண்டு. பெரியதைத் தனியே, சிறியதைத் தனியே வைத்தால் இரண்டும் விற்றுப்போகும். எனவே அந்த ஒன்றை மட்டும் வைத்து எங்களைத் தண்டித்துவிடாதீர்கள்.

பேரம் பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். காலையில் வருபவருக்குத் தேர்வு அதிகம். கடை கட்டும் நேரத்தில் வருபவருக்கு விலை குறைவு. திரும்பக் கொண்டுபோக முடியாத கனிந்த பழங்களை அப்போது நாங்களே குறைத்துக் கொடுத்துவிடுகிறோம். அன்றே கூழாக்கவோ உறையவைக்கவோ போகிறவர்கள் அந்த நேரத்தில் வருவதே இருவருக்கும் நல்லது. காலை எட்டு மணிக்கு வந்து மாலை விலையைக் கேட்பதுதான் எங்களுக்கு வருத்தம்.

நுண்ணோக்கி எழுதியது:

பாதுகாப்பு குறித்து இரண்டு செய்திகளைச் சேர்க்க வேண்டும். முலாம்பழத்தின் வலைத்தோல் மண்ணில் கிடந்தது. அதன் இடுக்குகளில் கிருமிகள் தங்கும். அறுக்கும்போது கத்தி அவற்றைச் சதைக்குள் கொண்டுசெல்கிறது. அமெரிக்காவில் 2011ஆம் ஆண்டு முலாம்பழம் வழியாகப் பரவிய லிஸ்டீரியா என்னும் பாக்டீரியாவின் தொற்றில் 33 பேர் இறந்தார்கள். எங்கே வாங்கினாலும், அறுப்பதற்குச் சற்று முன் ஓடும் நீரில் தூரிகையால் தேய்த்துக் கழுவித் துடைத்த பின்னரே கத்தி வைக்க வேண்டும். அறுத்த துண்டுகளை இரண்டு மணி நேரத்துக்குள், 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் ஒரு மணி நேரத்துக்குள், குளிரில் வைத்துவிட வேண்டும். சந்தையில் வெயிலில் அறுத்து வைத்திருக்கும் துண்டுகளைச் சுவைத்துப் பார்ப்பதை நான் தவிர்த்துவிடுவேன். கண்ணெதிரே அறுத்துக் கொடுத்தால் மறுக்க மாட்டேன்.

இரண்டாவது, கசப்பு. வெயிலாலும் நீர்த்தட்டுப்பாட்டாலும் வெள்ளரியில் குக்குர்பிட்டசின் என்னும் கசப்புப் பொருள் கூடும்; அது காம்புப் பக்கத்திலும் தோலுக்கு அடியிலும் மிகுதி என்பதால் அங்கே வெட்டிவிட்டு எஞ்சியதைச் சுவைத்துப் பார்க்கலாம். சுரைக்காய், சுக்கினி, பூசணி போன்றவற்றில் கடுங்கசப்பு இருந்தால் முழுக்காயையும் எறிந்துவிடுங்கள். அந்த நஞ்சு சமைத்தால் அழியாது. கடுமையான வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். காய் கசப்பதாக விற்றவரிடமும் தெரிவியுங்கள், ஏனெனில் அந்தச் செடியின் மற்றக் காய்களும் கசக்கலாம்.

திராட்சையின் மீதுள்ள வெண்பூச்சைப் பார்த்து மருந்து என்று அஞ்சுபவர்களைச் சந்தையில் அடிக்கடி காண்கிறேன். பெரும்பாலும் அது பழமே சுரக்கும் மெழுகு. அது கலையாமல் இருந்தால் அந்தக் கொத்தை அதிகம் கைபடாமல் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று பொருள். பூச்சிமருந்து கண்ணுக்குத் தெரிவதில்லை. என்ன தெளித்தார், கடைசியாக எப்போது தெளித்தார் என்று விளைவித்தவரிடமே கேட்கலாம். மருந்துக்கும் பறிப்புக்கும் இடையே விட வேண்டிய நாள்கள் ஒவ்வொரு மருந்தின் சீட்டிலும் அச்சிடப்பட்டிருக்கும் என்பதால், அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

இளவேனில் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நாளை சந்தைக்குப் போகவிருப்பதால் ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுவிடுகிறேன். நேற்று இங்கே நல்ல மழை. தோளில் வெடிப்பு விழுந்த தக்காளியைப் பாதி விலைக்குக் கொடுப்பார்கள். வாங்கலாமா?

ஏர்முனை எழுதியது:

வெடிப்பு காய்ந்து, தழும்புபோல் மூடியிருந்தால் தாராளமாக வாங்குங்கள். அது பழைய வெடிப்பு, பழம் அதைக் கடந்து வளர்ந்துவிட்டது. வெடிப்பு ஈரமாக, உள்சதை தெரியும்படி இருந்தால் நேற்றைய மழையில் விழுந்தது. அதை வாங்கினால் வெடித்த பகுதியைத் தாராளமாக வெட்டி நீக்கிவிட்டு நாளை மாலைக்குள் அடுப்பில் ஏற்றிவிட வேண்டும், வைத்திருக்க முடியாது. வெடிப்பின் ஓரத்தில் கருமையோ பூஞ்சையோ தெரிந்தாலும், புளித்த வாடை அடித்தாலும் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். பாதி விலைக் கூடையில் அடியில் கிடப்பதையும் கிளறிப் பார்த்து எடுங்கள். கொட்டும்போது நசுங்குவது அங்கேதான்.